சாட்சி சொன்னீர்கள், சைட்டில் சொன்னீர்களா?



நமது மாநகரங்களின் புறத்தே எழும்புகிற எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளையும், அனல்மின் நிலையங்களையும், இரசாயனத் தொழிற்சாலைகளையும் நீங்கள் இரயிலில் செல்லும்போது பார்த்திருப்பீர்கள். உங்களில் அநேகர் அவற்றைக் கட்டுகிறவர்களாகவே இருக்கிறீர்கள். வெல்டராக, ஃபிட்டராக, ரிக்கராக, சாரம் கட்டுகிறவராக, பெயின்டராக ஊரைவிட்டு வந்தவர்கள் நீங்கள். அல்லது அப்படி வந்தவருடைய மனைவியாக, தாயாக இந்தப் பத்திரிகையைக் கையில் வைத்திருக்கிறீர்கள். அப்படிப்பட்ட பெரிய வேலைத்தலங்களில் காயங்களும் மரணங்களும் குறைவதற்கு வழி என்ன என்பதைக் குறித்து எழுத ஒரு போதகனுக்கு என்ன தகுதி உண்டு? தகுதி ஒன்றும் இல்லை. ஒரு கடன் உண்டு. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன், மேற்கு இந்தியாவின் ஒரு தொழில் நகரத்தில் நான் ஊழியம் செய்துவருகிற சபையில், ஞாயிறு ஆராதனையின் சாட்சி வேளையில் ஒரு வாலிபன் எழுந்து நின்றான். ஊர் திருநெல்வேலிப் பக்கம், தொழில் வெல்டிங். அந்த வாரத்தில் பைப் ராக்கின் மேல், ஏறக்குறைய 30 அடி உயரத்தில் அவன் நடந்து சென்றபோது, காலடியிலிருந்த இரும்புக் கிரேட்டிங் நகர்ந்து, ஒரு கால் முழுவதும் இடைவெளிக்குள் இறங்கிவிட்டது. கைக்கு எட்டிய ஒரு குழாயைப் பற்றிக்கொண்டு மேலே ஏறிவிட்டான். தொடையில் சிராய்ப்பு மாத்திரம். சபையார் ஸ்தோத்திரம் சொல்லிக் கைதட்டினார்கள். நானும் கைதட்டினேன். பிறகு பாடலுக்குச் சென்றுவிட்டோம்.

பதினேழாம் நாள் அதே இடத்தில், ஜார்க்கண்டிலிருந்து வந்திருந்த 19 வயதுப் பையன் ஒருவன் விழுந்தான். நடுவே இருந்த குழாயில் மோதித் தரையில் விழுந்தபடியால் உயிர் தப்பியது. இடுப்புக்குக் கீழே உணர்வு திரும்பவில்லை.

அன்று இரவு அந்த வெல்டர் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றான். உள்ளே வரவில்லை.

"ஐயா, அந்த கிரேட்டிங்குக்கு கிளிப் போடல. எனக்குத் தெரியும். நான் யார்கிட்டயும் சொல்லல."

"ஏன் தம்பி?"

"போர்மேன் சொல்ல வேண்டாம்னாரு ஐயா. இன்னும் பத்து நாள்ல விபத்து இல்லாம பத்து லட்சம் மணி நேரம் முடியுது, எல்லாருக்கும் பரிசு உண்டு, நீ கெடுத்துராதன்னாரு."

"என்ன பரிசு?"

"ஒரு ஹாட் பாக்ஸ் ஐயா."

அவன் சபையில் சொன்னான், சைட்டில் சொல்லவில்லை. கேட்டுக்கொண்டிருந்த எங்களில் ஒருவருக்கும், அவனுடைய போதகனாகிய எனக்கும், "அந்தக் கிரேட்டிங் இப்போது எப்படி இருக்கிறது?" என்று கேட்கத் தோன்றவில்லை. நான் பட்டிருக்கிற கடன் இதுவே. அதற்குப் பின் எங்கள் சபையிலுள்ள பொறியாளர்களிடமும், ஓய்வுபெற்ற சேஃப்டி ஆபீசர் ஒருவரிடமும் அமர்ந்து கேட்டும், கிடைத்தவற்றை வாசித்தும் அறிந்துகொண்டதை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

விழாமல் தப்பியவனிடம் இருக்கும் செய்தி

1931-இல் அமெரிக்காவில் ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் பணிபுரிந்த ஹெர்பர்ட் ஹைன்ரிச் என்பவர் ஒரு கணக்கை வெளியிட்டார். ஒரே விதமான 330 சம்பவங்களை எடுத்துக்கொண்டால், 300-இல் ஒருவருக்கும் ஒன்றும் ஆவதில்லை. 29-இல் சிறு காயம். ஒன்றில் பெருங்காயம் என்பது அவருடைய கூற்று. அந்த எண்கள் எல்லாத் தொழிலுக்கும் அப்படியே பொருந்தா என்று பின்வந்தவர்கள் மறுத்திருக்கிறார்கள். அந்த மறுப்பு நியாயமானதே. ஆகிலும் அதனுள் இருக்கும் ஓர் உண்மை நிற்கிறது. பெரிய விபத்து அநேகமாய் முன்னறிவிப்போடுதான் வருகிறது. நகர்ந்த கிரேட்டிங், நூல் பிரிந்த கயிறு, கைதவறி விழுந்து ஒருவர்மேலும் படாத ஸ்பேனர், இவையே அந்த முன்னறிவிப்பு. சைட்டில் இதற்கு 'நியர் மிஸ்' என்று பெயர். நல்ல நிறுவனங்கள் இதைக் கூலி கொடுத்தாவது கேட்டு வாங்குகின்றன.

அதே ஹைன்ரிச் இன்னொன்றும் சொன்னார்: நூற்றில் 88 விபத்துகளுக்குத் தொழிலாளியின் தவறான செயலே காரணம் என்றார். இதை நான் ஏற்கவில்லை. இக்காலத்துப் பாதுகாப்பு வல்லுநர்களில் பெரும்பாலோரும் ஏற்பதில்லை. ஆனால் நமது சைட்டுகளில் இன்றும் விபத்து விசாரணை இந்த இடத்தில்தான் முடிகிறது: "தொழிலாளியின் கவனக்குறைவு." கிளிப் போடாத கிரேட்டிங்கின்மேல் ஒருவன் கவனமாய் நடப்பது எப்படி? வருத்தத்தோடு சொல்லுகிறேன், சபைக்குள்ளும் இந்தக் குரல் உண்டு. அந்தப் பையன் மருத்துவமனையில் இருந்தபோது, அவனுடைய வீட்டார் செய்த பாவம் என்னவோ என்று ஒரு விசுவாசி என்னிடம் கேட்டார். லூக்கா 13-ஆம் அதிகாரத்தில், சீலோவாமில் கோபுரம் விழுந்து 18 பேர் மாண்ட செய்தியைக் குறித்து நம்முடைய ஆண்டவர் என்ன சொன்னார் என்பதை வாசித்துப் பார்க்கும்படி மாத்திரம் அவரிடம் சொன்னேன்.

பலகையில் எழுதிய எண்

சைட்டின் வாசலில் ஒரு பெரிய பலகை இருக்கும். வேலை நாளை இழக்கும்படியான காயம் நேரிடாமல் எத்தனை மணி நேரம் கடந்தது என்று அதில் எழுதுவார்கள். எண் பெரிதாகும்போது இனிப்பு, தொப்பி, டி-ஷர்ட், ஹாட் பாக்ஸ். நோக்கம் நல்லதே. ஆனால் எண்ணுக்குப் பரிசு வைத்தால் காயம் குறைவதற்கு முன்பாகக் காயத்தைச் சொல்லுகிற வாய் குறைந்துவிடும். கை முறிந்தவனைக் கட்டோடு அழைத்து வந்து அலுவலக அறையில் உட்கார வைத்து, 'வேலைக்கு வந்தான்' என்று கணக்கெழுதின கதைகள் உங்களுக்கே தெரிந்திருக்கும்.

வளைகுடா போய்த் திரும்பிய நம்முடைய சகோதரர்கள் கத்தாரிலுள்ள ராஸ் லஃபான் என்னும் தொழில் நகரத்தை அறிவார்கள். அங்கே ஷெல் நிறுவனமும் கத்தார் அரசு நிறுவனமும் சேர்ந்து, இயற்கை எரிவாயுவைத் திரவ எரிபொருளாக மாற்றுகிற 'பேர்ல் ஜிடிஎல்' ஆலையைக் கட்டின. முதல் சரக்கு 2011-இல் கப்பலேறியது. கட்டுமானத்தின் உச்சத்தில் 50-க்கும் மேற்பட்ட நாடுகளைச் சேர்ந்த ஏறக்குறைய 52,000 பேர் அங்கே உழைத்தார்கள். 2010-இல் அந்தத் திட்டம் 7 கோடியே 70 இலட்சம் மணி நேரத்தை, ஒருவரும் காயத்தால் ஒரு வேலை நாளையும் இழக்காமல் கடந்ததாக அறிவிக்கப்பட்டது. நாளொன்றுக்குப் பத்து மணி நேரம் என்று வைத்துக்கொண்டால், 52,000 பேருக்கு அது ஏறக்குறைய ஐந்து மாதம்.

நான் மேலே சொன்ன சந்தேகம் இந்த எண்ணுக்கும் பொருந்தும் அல்லவா? பொருந்தும். ஆனாலும் அங்கே பரிசுப் பொருளுக்கு அப்பால் சில காரியங்கள் செய்யப்பட்டன. தொழிலாளர் தங்குவதற்கு 'பேர்ல் கிராமம்' என்ற பெயரில் விளையாட்டுத் திடல்களோடும் கடைகளோடும் ஓர் ஊரே அமைக்கப்பட்டது. இதைப் பாதுகாப்போடு சம்பந்தமில்லாத சௌகரியம் என்று சிலர் எண்ணக்கூடும். தகரக் கொட்டகையில் பத்துப் பேரோடு புழுங்கி, இரவு இரண்டு மணிக்குக் கண் அயர்ந்து, ஐந்து மணிக்குக் கழிப்பறை வரிசையில் நிற்கிறவன், காலையில் சாரத்தின்மேல் ஏறும்போது பாதி உறக்கத்தில் ஏறுகிறான். கிளிப் இல்லாத கிரேட்டிங் அவன் கண்ணுக்குத் தட்டுப்படாது. லேபர் கேம்ப்பில் படுக்கை நன்றாயிருப்பதும் ஒரு பாதுகாப்புச் சாதனமே.

ஹெல்மெட் கடைசியில் வருகிறது

காயத்தைக் குறைப்பது என்றவுடன் ஹெல்மெட், பெல்ட், ஷூ என்று நாம் நினைக்கிறோம். அந்தத் துறையின் ஒழுங்கோ தலைகீழானது. முதலாவது, அபாயத்தையே இல்லாமற்செய்வது. அது கூடாதபோது, ஆபத்துக் குறைந்த வேறு முறையைக் கையாளுவது. பின்பு தடுப்புகளால் மனிதனையும் அபாயத்தையும் பிரித்து வைப்பது. அதன்பின் விதிகளும் பெர்மிட்டும் பயிற்சியும். உடலில் அணிகிறவை எல்லாவற்றுக்கும் கடைசி. ஆனபடியால்தான் தேர்ந்த நிறுவனங்கள் குழாய்களையும் மேடைகளையும் தரையிலேயே பொருத்தி, வெல்டிங்கும் பெயின்டும் தரையிலேயே முடித்து, கிரேனால் மொத்தமாகத் தூக்கி வைக்கின்றன. நூறு மணி நேரம் உயரத்தில் செய்ய வேண்டிய வேலை பத்து மணி நேரமாகிறது. மிஞ்சிய தொண்ணூறு மணி நேரத்தில் உயரத்திலிருந்து விழுவதற்கு அங்கே ஆள் இல்லை.

இந்த ஒழுங்கைக் கேட்டபோது எனக்கு உபாகமம் 22-ஆம் அதிகாரம் நினைவுக்கு வந்தது. புது வீடு கட்டுகிறவன் அதன் மெத்தைக்குக் கைப்பிடிச்சுவர் கட்டவேண்டும் என்ற கட்டளை அங்கே உண்டு. கைப்பிடிச்சுவருக்கு அங்கே வரும் எபிரெயச் சொல் பழைய ஏற்பாட்டில் அந்த ஓரிடத்தில் மாத்திரம் வருகிறது என்று வேதாகமக் கல்லூரியில் எங்கள் ஆசிரியர் சொல்லிக்கொடுத்தார். சொல்லை மனனம் செய்துகொண்டேன், பொருளைக் கவனிக்கவில்லை. மெத்தையில் நடமாடுகிறவன் ஜாக்கிரதையாயிருக்கவேண்டும் என்று அங்கே எழுதப்படவில்லை. பொறுப்பு கட்டுகிறவன்மேல் வைக்கப்பட்டிருக்கிறது.

இப்போது பெல்ட்டைப் பற்றி ஒரு கணக்கு. இதை உயரத்தில் வேலை செய்கிறவர்கள் தயவுசெய்து இரண்டு முறை வாசியுங்கள். முழு உடல் ஹார்னஸின் கயிறு 6 அடி. விழும்போது அதிர்ச்சியைத் தாங்குவதற்கென்று அதிலுள்ள மடிப்பு கிழிந்து நீளுவது 3½ அடி வரை. முதுகிலுள்ள வளையத்திலிருந்து உங்கள் பாதம் வரை 5 அடி. ஹார்னஸ் இழுபட்டு மேலேறுவது ஓர் அடி. அதற்குக் கீழே சேமமாக 2 அடி. கூட்டிப் பாருங்கள்: 17½ அடி. அதாவது, கொக்கியை உங்கள் முதுகு வளையத்தின் உயரத்தில் மாட்டினாலும், கொக்கி மாட்டிய இடத்துக்குக் கீழே ஏறக்குறைய 18 அடி வெற்றிடம் இருந்தால்தான் அந்த பெல்ட் உங்களைத் தரையில் படாமல் நிறுத்தும். காலடியில் மாட்டினால் இன்னும் அதிகம் வேண்டும். 12 அடி உயரத்தில் இந்தக் கயிற்றோடு நிற்கிறவர் பெல்ட் அணிந்தபடியே தரையில் மோதக்கூடும். அங்கே வேண்டியது கைப்பிடியுள்ள சாரம், அல்லது விழுந்தவுடன் பூட்டிக்கொள்கிற சுருள் கயிறு. மாட்டும் இடம் தலைக்கு மேலே இருக்கட்டும். விழுந்து தொங்குகிறவரைச் சில நிமிடங்களுக்குள் இறக்கிவிட வேண்டும்; ஹார்னஸில் அசையாமல் தொங்குவதால் இரத்தம் கால்களில் தேங்கி உயிருக்கே ஆபத்தாகும். "யார் எப்படி இறக்குவார்கள்?" என்று ஏறுமுன் கேளுங்கள்.

எங்கள் வெல்டர் தம்பியும் அந்த நாளில் பெல்ட் அணிந்திருந்தான். கொக்கியை மாட்ட அந்தப் பாதையில் லைஃப் லைன் கட்டப்படவில்லை.

வெல்டர்களுக்கு இன்னொரு வார்த்தை. குழாய்க்குள் ஆர்கான் வாயுவைச் செலுத்தி வெல்டிங் செய்கிறீர்கள். அதற்கு நிறமில்லை, மணமில்லை. காற்றைவிடக் கனமானபடியால் குழாயிலும் பள்ளத்திலும் தங்கிவிடும். மூட்டு எப்படி வந்திருக்கிறது என்று தலையை உள்ளே விட்டுப் பார்த்தவர்கள் இரண்டொரு மூச்சில் மயங்கி, அப்படியே மாண்டுபோயிருக்கிறார்கள். காற்றில் ஏறக்குறைய 21 சதவீதம் இருக்கவேண்டிய ஆக்சிஜன் 19.5-க்குக் கீழே போனால் உள்ளே செல்லக் கூடாது. மீட்டர் வைத்துப் பார்க்காமல் தலையையும் விடாதீர்கள். விழுந்தவரை இழுக்க நீங்களும் குதிக்காதீர்கள். ரிக்கர்களுக்கும் மண்வேலை செய்கிறவர்களுக்கும் சொல்லவேண்டியது அதிகம் உண்டு. இப்போதைக்கு இவ்வளவு: தூக்கிய சுமையின் கீழ் நிற்காதிருங்கள், 1.5 மீட்டருக்கு மேல் ஆழமான பள்ளத்தில் பக்கங்களுக்கு முட்டுக் கொடுக்காமல் இறங்காதிருங்கள்.

ஹான் ஜி

காலையில் வேலை தொடங்குமுன் டூல் பாக்ஸ் மீட்டிங் நடக்கும். சேஃப்டி ஆபீசர் இந்தியில் பத்து நிமிடம் பேசுவார். ஊரிலிருந்து வந்து ஒரு வாரமான நம் தம்பி முன்வரிசையில் நின்று "ஹான் ஜி" என்று தலையசைப்பான். தாளில் கையெழுத்தும் போடுவான். அவனுக்குப் புரிந்தது ஒன்றுமில்லை. கேட்டால் கேலி செய்வார்கள் என்று கேட்கமாட்டான். வேலையில் சேர்ந்து ஒரு மாதமாகாதவருக்கு, ஓராண்டுக்கு மேல் பணியில் இருப்பவரைவிடக் காயம் நேரும் வாய்ப்பு மூன்று மடங்குக்கும் அதிகம் என்று கனடாவின் ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். மொழியும் தெரியாவிட்டால் சொல்லவே வேண்டாம்.

பழையவர்களே, இது உங்கள் வேலை. புதிதாய் வந்தவனை முதல் ஒரு மாதம் உங்கள் கண்பார்வையில் வைத்திருங்கள். அன்றைய மீட்டிங்கில் சொன்னதை நம் பேச்சில் ஐந்து வார்த்தையில் சொல்லிக்கொடுங்கள். அதே தயவை நம்மிடையே வேலை செய்யும் பிறமொழிக்காரருக்கும் காட்டுங்கள். 2025 செப்டம்பர் 30 அன்று சென்னைக்கு அருகே எண்ணூரில் அனல்மின் நிலையக் கட்டுமானத்தில் சாரம் சரிந்து 9 பேர் மாண்டார்கள். அவர்கள் அசாமிலிருந்து பிழைக்க வந்தவர்கள். நாம் வடக்கே எப்படியோ, அப்படியே அவர்கள் நம் நாட்டில். 2009 செப்டம்பர் 23 அன்று சத்தீஸ்கரின் கோர்பாவில் கட்டப்பட்டுக்கொண்டிருந்த புகைபோக்கி மழையின் நடுவே இடிந்து விழுந்தபோது மாண்டவர்கள் குறைந்தது 40 பேர். அவர்களிலும் வெளிமாநிலத்தார் அநேகர்.

சொல்லுகிறவனுக்குச் சட்டம் துணை நிற்கிறது

கட்டுமானத் தொழிலாளருக்கென்று 1996-இல் இயற்றப்பட்ட சட்டத்தின் இடத்தில், 2025 நவம்பர் 21 முதல் தொழில் பாதுகாப்பு, சுகாதாரம், பணிச்சூழல் பற்றிய 2020-ஆம் ஆண்டுத் தொகுப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்துள்ளது. அதன்படி 250 பேரோ அதற்கு மேற்பட்டோரோ வேலை செய்யும் கட்டுமானத்தில் சேஃப்டி ஆபீசர் இருக்கவேண்டும். உயிருக்கோ உடலுக்கோ உடனடி ஆபத்து உண்டென்று ஒரு தொழிலாளி நியாயமாய் அஞ்சினால், அதை முதலாளிக்கும் அரசு ஆய்வாளருக்கும் தெரிவிக்க அவருக்கு உரிமை உண்டு. வேலையில் சேருகிறவருக்கு நியமனக் கடிதம் கொடுக்கப்படவேண்டும். அதைக் கேட்டு வாங்கி, ஒரு நகலை வீட்டுக்கு அனுப்பி வையுங்கள். சென்ற பன்னிரண்டு மாதங்களில் 90 நாளாவது கட்டுமான வேலை செய்த, 18 முதல் 60 வயதுக்குட்பட்டவர்கள் நலவாரியத்தில் பதிவு செய்யலாம்.

சட்டம் எழுதியிருப்பதற்கும் சப்-காண்டிராக்டர் நடத்துவதற்கும் தூரம் அதிகம் என்பதை நான் அறியேனா? "பேசினால் நாளைக்கு கேட் பாஸ் இல்லை" என்ற பயம் உண்மையான பயம். வட்டிக்கு வாங்கி வந்தவன் எப்படிப் பேசுவான்? ஆகவே தனியாய்ப் பேசாதீர்கள். இரண்டு மூன்று பேராய்ப் போய்ச் சொல்லுங்கள். இடத்தை ஃபோனில் படம் எடுக்க அனுமதி இருந்தால் எடுங்கள். இல்லையேல் தேதியும் நேரமும் எழுதி வையுங்கள். சிறு காயமானாலும் முதலுதவி அறைப் பதிவேட்டில் எழுதச் சொல்லுங்கள். எழுதப்படாத காயம் ஆறு மாதம் கழித்துப் பெரிதானால், அது சைட்டில் நேர்ந்தது என்று நிரூபிப்பது மிகவும் கடினம்.

சகோதரிகளே, வேலை முடிந்து வருகிறவரிடம் "சாப்பிட்டீர்களா?" என்று கேட்கிறீர்கள். "இன்று பயப்படும்படி ஏதாவது நடந்ததா?" என்றும் கேளுங்கள். அவர் போர்மேனிடம் சொல்லாததை உங்களிடம் சொல்லக்கூடும்.

எங்கள் சபையில் சாட்சி வேளை இப்பொழுதும் உண்டு. அந்த வெல்டர் தம்பி ஞாயிறு மாலைகளில் புதிதாய் ஊரிலிருந்து வருகிறவர்களைக் கூட்டி ஹார்னஸ் மாட்டச் சொல்லிக்கொடுக்கிறான். விழுந்த பையனுடைய குடும்பத்துக்கு மாதந்தோறும் ஒரு தொகை அனுப்பி வருகிறான். எவ்வளவு என்று நான் கேட்டதில்லை. உயிர் தப்பினதாக எவர் சாட்சி சொன்னாலும், கைதட்டுமுன் நான் ஒரு கேள்வி கேட்பேன். முதலில் சிலருக்கு அது பிடிக்கவில்லை. ஆவியின் நிறைவான நேரத்தில் பாஸ்டர் சைட் மீட்டிங் நடத்துகிறார் என்று முணுமுணுத்தார்கள்.

சென்ற மாதம் நாகர்கோவிலைச் சேர்ந்த ஒரு ரிக்கர் எழுந்து நின்றார். இரண்டு டன் சுமையைத் தூக்கும்போது பெல்ட் ஸ்லிங்கின் ஓரம் அறுந்து சுமை சாய்ந்ததாகவும், ஒருவர்மேலும் விழவில்லை என்றும் சொன்னார்.

"சைட்டில் சொன்னீர்களா?" என்றேன்.

"சொன்னேன் ஐயா. அப்பவே ஸ்லிங்க வெட்டிப் போடச் சொல்லிட்டாங்க. ஸ்டோர்ல இருந்த மத்த ஸ்லிங்கையும் எடுத்துப் பார்த்தோம். இன்னும் நாலு அப்படி இருந்துச்சு."

அதன்பின் கைதட்டினோம்.